குளிர்முதுகு வேண்டாம்: ‘கோல்ட் பேக்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம்.

ஓய்வில் இருந்த குதிரையை மறுபடி சவாரிக்குக் கொண்டுவருவது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ‘கோல்ட் பேக்’ (cold back) என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. சேணம் வைத்ததும், வயிற்றுவாரை இறுக்கியதும் அல்லது ஆள் ஏறி உட்கார்ந்ததும் குதிரை முதுகைத் தாழ்த்திக் குழிக்கிறது. இல்லாவிட்டால் வில்லாக வளைத்துத் தூக்குகிறது. காலெடுத்து வைக்கத் தயங்கும், சில வேளை துள்ளி உதைக்கும். ஐந்து பத்து நிமிடம் நடந்ததும் தணிந்துவிடும். இதைத்தான் அந்தப் பெயரில் சொல்கிறார்கள்.

‘குளிர்முதுகு’ என்று போட்டால் படிப்பவர் கம்பளி போர்த்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பார். ‘சேணக்கூச்சம்’ என்று வைக்கலாமா? பல்கூச்சம் நமக்குப் பழகிய சொல். ஐஸ் பட்டால் பல் கூசுவது போல, சேணம் பட்டால் முதுகு கூசுகிறது. கூடவே, ‘ஸ்டிஃப்னஸ்’ என்பதற்கு எல்லா இடத்திலும் ‘விறைப்பு’ என்றே எழுதலாமா என்றும் சொல்லுங்கள்.

----

> சேணம் பட்டால் முதுகு கூசுகிறது.

ஐயா, ‘கூச்சம்’ அருமையான தேர்வு. ‘சேணம்’தான் இடிக்கிறது. பல்கூச்சத்தை நாம் ஐஸ்கூச்சம் என்று சொல்வதில்லையே! எங்கே கூசுகிறதோ அந்த இடத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம், எது பட்டுக் கூசுகிறதோ அதன் பெயரை அல்ல. சேணக்கூச்சம் என்று எழுதினால் பழி முழுக்கச் சேணத்தின்மேல் விழும். படித்தவர் புதுச் சேணம் வாங்கிப் போட்டுவிட்டு நோயைக் கோட்டை விடுவார். ஆகவே ‘முதுகுக்கூச்சம்’.

இது அறிகுறிதான், நோயின் பெயர் அல்ல என்பதையும் விளக்கத்தில் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பின்னால் இருக்கும் காரணம் பலவாக இருக்கலாம். குதிரைக்கு மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள், இடுப்பில் 6. ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஒரு முள்நீட்சி உண்டு. சேணம் உட்காரும் பகுதியில், அதுவும் 13-ஆவதிலிருந்து 18-ஆவது வரை, இவை ஒன்றையொன்று நெருங்கி உரசுவதுதான் ‘கிஸ்ஸிங் ஸ்பைன்ஸ்’. அதையும் முத்தமாக மொழிபெயர்க்காமல் ‘முள்நெருக்கம்’ என்று எழுதலாம். வலியே இல்லாத குதிரைகளிலும் எக்ஸ்-ரே படத்தில் முள்நெருக்கம் தெரிவதுண்டு. படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. நெருக்கம் உள்ள இடத்தில் மரப்பு ஊசி போட்டு, முன்னும் பின்னும் சவாரியில் பார்த்து ஒப்பிட்டால்தான் வலி அங்கிருந்து வருகிறதா என்று தெரியும். பின்னங்கால் நொண்டலும் முதுகு அசையும் விதத்தை மாற்றிவிடும். கால் வலியை விட்டுவிட்டு முதுகை மட்டும் நீவிக்கொண்டிருந்தால் முதுகு சரியாகாது.

தொட்டுப் பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பேனா முனையாலோ நகத்தாலோ முதுகை அழுத்திக் கீறினால் நலமான குதிரையும் முதுகைக் குழிக்கும், பிட்டத்தில் கீறினால் தூக்கும். அது அனிச்சைச் செயல், வலி அல்ல. நடுக்கோட்டிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, விரல்களைத் தட்டையாக வைத்து, மெதுவாக அழுத்தம் கூட்டிக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும். விரலுக்கடியில் தசை பலகை போல் கெட்டிப்படுவது, இரண்டாவது மூன்றாவது முறையும் அதே இடத்தில் துடித்து விலகுவது, காதைப் பின்னால் மடிப்பது — கூச்சம் என்று இவற்றைத்தான் குறிக்க வேண்டும்.

> எல்லா இடத்திலும் ‘விறைப்பு’ என்றே எழுதலாமா?

வேண்டாம். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன, தமிழில் மூன்றுக்கும் சொல் இருக்கிறது. மூட்டு வளைய மறுப்பது விறைப்பு. தசை சுருண்டு வலியோடு நிற்பது பிடிப்பு. முதுகு பிடித்துக்கொண்டது என்று நாம் தினமும் சொல்வதுதான். வலிக்குமோ என்று குதிரை தானாகவே தசையைக் கட்டி வைத்துக்கொள்வது இறுக்கம். வளைவில் ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுத்து, உடல் சூடேறியதும் இளகுவதை விறைப்பு என்று எழுதலாம். ஆள் ஏறும்போது மட்டும் வருவது இறுக்கம்.

இதில் ஒன்றைத் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும். ஓய்வு நாளுக்குப் பிறகு வேலை கொடுத்ததும் வியர்த்துக் கொட்டி, பிட்டத் தசை கல்லாகி, காபி நிறத்தில் சிறுநீர் போனால் அது உழைப்புத் தசைச்சிதைவு. ‘நடந்தால் இளகும்’ என்று அந்தக் குதிரையை நடத்தவே கூடாது. நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். தசை சிதைந்தால் அதிலிருந்து இரத்தத்தில் கசியும் சி.கே. நொதி 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறும். இதற்கும் ‘விறைப்பு’ என்றே எழுதிவைத்தால் அந்தச் சொல்லே குதிரையைக் கெடுத்துவிடும்.

----

> ஆகவே ‘முதுகுக்கூச்சம்’.

பயிற்சி பக்கத்திலிருந்து ஒரு ஐயம். கூச்சம் என்றால் வெட்கம் என்றும் பொருள் வருமே, ‘மிரளும் குதிரை’ என்று யாராவது எடுத்துக்கொண்டால்? ஆனால் ‘முதுகு’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் குறைந்துவிடுகிறது. மிரள்வதற்கு மிரட்சி என்ற சொல் தனியாக இருக்கவும் இருக்கிறது. வினையாகவும் எளிதாக வருகிறது: ‘இந்தக் குதிரைக்கு இடப்பக்கம் முதுகு கூசுகிறது.’ லாயத்தில் வாயில் நிற்கும் சொல் இது. எனவே ஏற்கிறேன்.

விளக்கத்தில் சேணத்தைப் பற்றிச் சில வரி கட்டாயம் வேண்டும், அம்மா. பழி அதன்மேல் மட்டும் இல்லை என்பது சரிதான். ஆனால் ஓய்வில் முதுகுத் தசை வற்றிவிடுகிறது. முன்பு பொருந்திய சேணம் இப்போது தாழ்ந்து, தோளுக்குப் பின்னுள்ள மேட்டில் இடிக்கும். ஆள் ஏறிய நிலையிலும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்விளிம்பு கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. முன்னும் பின்னும் மட்டும் பட்டு நடுவில் பாலம் போல் நின்றால் அந்த நான்கு முனைகளில்தான் எடை இறங்கும். தசை திரும்ப வளர வளர மறுபடி இறுகும் என்பதால் சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயிற்றுவாரை ஒரே இழுப்பில் கட்டாமல் இரண்டு ஓட்டை, சற்று நடத்தி இன்னும் ஒன்று என்று பத்து நிமிடத்தில் ஏற்றலாம். தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து ஏறினால் சேணம் இடப்பக்கம் திருகி, மேட்டின் வலப்பக்கத்தை அழுத்தும். கூச்சமுள்ள குதிரைக்கு ஏறுபடி இல்லாமல் ஏறவே கூடாது, உட்காரும்போதும் மெதுவாக.

வேலை அளவு: முதல் இரண்டு மூன்று வாரம் ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடை, 15 நிமிடத்தில் தொடங்கி 40 வரை. பிறகு இரண்டு வாரம் ஆளோடு நடை. அதன் பிறகே ட்ராட் (நடைக்கு அடுத்த வேகமான மெதுவோட்டம்), நேர்கோட்டில், ஒன்றிரண்டு நிமிடத் துண்டுகளாக, இருக்கையிலிருந்து எழுந்தெழுந்து உட்கார்ந்து. சின்ன வட்டத்தில் கயிறு பிடித்து ஓட்டுவது இந்தக் கட்டத்தில் கெடுதல். காயத்தைப் பொறுத்து மருத்துவர் இதைக் கூட்டுவார், குறைப்பார்.

கேரட் நீட்சி எல்லாவற்றையும்விட மலிவான மருந்து. தாடையை நெஞ்சுக்கு, முன்னங்கால் மூட்டுகளுக்கு நடுவே, இரு பக்க விலாவுக்கு, பின்தொடைப் பக்கம் என்று கேரட்டைக் காட்டி மெதுவாக இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 முறை, வாரத்தில் 5 நாள். மூன்று மாதத்தில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் ஆழ்தசை தடிக்கிறது. குதிரை வெடுக்கென்று பறிக்கவோ காலை நகர்த்தவோ விட்டால் பலன் போய்விடும். சில நொடி நின்று பிடிக்க வேண்டும்.

----

முள்நெருக்கம் பட்டியலில் ஏறிவிட்டது. விறைப்பு, பிடிப்பு, இறுக்கம் மூன்றும் தனித்தனிப் பதிவாகின்றன. தசைச்சிதைவுக்கு எச்சரிக்கைக் குறிப்பு சேர்கிறது. முதன்மைப் பதிவு இப்படி:

முதுகுக்கூச்சம்: சேணம், வார் அல்லது ஆளின் எடை முதுகில் படும்போது குதிரை முதுகைக் குழித்தோ தூக்கியோ காட்டும் மறுப்பு, சற்று நடந்ததும் தணியக்கூடும். அறிகுறி மட்டுமே. தணிந்துவிட்டது என்பதால் வலி இல்லை என்று ஆகாது.

ஒன்று பாக்கி. வாரை இறுக்கும்போது மட்டும் திரும்பிக் கடிக்க வருவது, வயிற்றைப் பார்ப்பது முதுகிலிருந்து வரவேண்டும் என்றில்லை. இரைப்பைப் புண்ணும் காரணமாகலாம். அதை இந்தப் பதிவுக்குள் அடைக்க மனம் வரவில்லை. ‘வார்க்கூச்சம்’ என்றால் அம்மா சொன்ன அதே தவறாகிவிடும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.