சேலத்திலிருந்து நாலு பேர் கேம்பிங்: எந்த ஃபோர் வீல் வண்டி, முதல்ல என்ன மாட்டணும்?

அஸ்தம்பட்டி_ஆள்:
வணக்கம்ங்க. நான், மனைவி, 11 வயசுலயும் 8 வயசுலயும் ரெண்டு பசங்க. மாசம் ஒரு தடவை ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் பக்கம் எஸ்டேட் மண் ரோட்டுல போய் ரெண்டு ராத்திரி தங்குற திட்டம். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வேணும். மாருதி ஜிம்னி, மஹிந்திராவோட மூணு கதவு தார், அதோட அஞ்சு கதவு வடிவமான ராக்ஸ், ஃபோர்ஸ் குர்கா நாலுல எதுன்னு குழப்பம். ரூஃப் டென்ட் (வண்டிக் கூரை மேல விரிக்கிற கூடாரம்), வின்ச் (மாட்டின வண்டியை இழுக்கிற மோட்டார் உருளை), ஸ்நார்கெல் (இன்ஜினுக்கு உசரத்துல இருந்து காத்து எடுக்கிற குழாய்), எல்.இ.டி. பார்னு லிஸ்ட் வேற நீளுது. எதை முதல்ல வாங்கணும், எதை விட்டுடலாம்?

லோ_ரேஞ்ச்:
நாலு பேர்னு சொன்னதுமே பாதி முடிவு ஆயிடுச்சு. ஜிம்னி ரெண்டு பேருக்கு அருமையான வண்டி. சுமார் 1,200 கிலோதான், ஒல்லி டயர், காபித் தோட்டத்து ஒடுக்கமான பாதையில சுளுவா திரும்பும். ஆனா பின் சீட்டுல ஆள் உட்கார்ந்தா டிக்கியில 208 லிட்டர் இடம்தான். பசங்க ரெண்டு பேரோட பையே அதை அடைச்சிடும், அடுப்பும் தண்ணியும் எங்க போகும்? மூணு கதவு தார்லயும் அதே கதைதான், பசங்க ஒவ்வொரு தடவையும் முன் சீட்டை மடக்கித்தான் ஏறணும்.

மிச்சம் ராக்ஸும் அஞ்சு கதவு குர்காவும். ராக்ஸ்ல ஃபோர் வீல் வேணும்னா டீசல் மட்டும்தான். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்) 2,850 மி.மீ., சின்ன தார்ல 2,450. அந்த 40 செ.மீ. வித்தியாசம் நெடுஞ்சாலையில சுகம். எஸ்டேட் வளைவுல ஒரு ரிவர்ஸ் கூடுதலா போடணும், மேட்டுல ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும். குர்காவுல முன், பின் ரெண்டு டிஃப்லாக்கும் (ஒரே ஆக்சில்ல இருக்கிற ரெண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுத்த வைக்கிற பூட்டு) கையால போடலாம், ஸ்நார்கெல் கம்பெனியிலேயே வருது. ஓட்டம் முரடு. வீட்டுல எல்லாரையும் ஏத்தி டெஸ்ட் டிரைவ் போயிட்டு முடிவு பண்ணுங்க. என் ஓட்டு ராக்ஸுக்கு.

பட்டறை_நிழல்:
வண்டி எதுவா இருந்தாலும் எடைக் கணக்கை முதல்ல போடுங்க. ஆர்.சி.யில இருக்கிற வெற்று எடைக்கும் மேனுவல்ல போட்டிருக்கிற மொத்த எடைக்கும் நடுவுல இருக்கிறதுதான் உங்க பங்கு. நாலு பேர் 200 கிலோ, தண்ணி 40, ரூஃப் டென்ட் 60, கேரியர் 25, சாமானோட ஃப்ரிட்ஜ் 30, சாமான் வெக்கிற பலகை டிராயர் பெட்டி 40. இதுக்கே 395 ஆச்சு, சாப்பாடும் துணியும் இன்னும் ஏறலை. 12 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணே கிட்டத்தட்ட 24 கிலோ வரும், அதனால டிராயர் கட்டுறவங்க 18 மி.மீ. பக்கம் போகாதீங்க. ஜவ்வரிசி மில் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முழு லோடோட ஒரு தடவை ஏத்துங்க, அப்புறம் பின் சக்கரம் ரெண்டை மட்டும் ஏத்திப் பின் ஆக்சில் எடையையும் தனியா பாருங்க.

ரூஃப் டென்ட்டை விட்டுடுங்க. 60 கிலோ உச்சியில உட்கார்ந்தா கொண்டை ஊசி வளைவுல வண்டி சாயுற விதமே மாறிடும். நாலு பேருக்குத் தரை டென்ட் 10 கிலோவுக்குள்ள கிடைக்குது.

கரண்ட்: 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு நம்ம வெயில்ல நாளுக்கு 30 ஆம்பியர்-அவர் சுமார் வெச்சுக்கோங்க. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ரெண்டு ராத்திரிக்குத் தாராளம். நேரா ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தர்றது) கொடுக்காம, லித்தியத்துக்கு ஏத்த மாதிரி கரண்டைச் சீராக்கித் தர்ற 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜரை நடுவுல போடுங்க. லைன் 4.5 மீட்டர்னா போக வர 9 மீட்டர். 6 சதுர மி.மீ. ஒயர்ல 0.7 வோல்ட் விழும், 16 போட்டா 0.26தான். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். தூரத்துல வெச்சா, நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னாடி இருக்கிற ஒயர்தான் எரியும்.

அஸ்தம்பட்டி_ஆள்:
நன்றிங்க. அப்போ வின்ச்சும் வேண்டாமா? இன்னொண்ணு, ஏற்காடு ஏறும்போது ஃபோர் வீல் போட்டா பிடிப்பு நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?

லோ_ரேஞ்ச்:
காஞ்ச தார் ரோட்டுல போடவே போடாதீங்க! இந்த நாலு வண்டியிலயும் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்துல சுத்த விடுற நடு டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணுல டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிடும், தார் ரோட்டுல வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் (இன்ஜின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) ஷாஃப்ட்லயும் ஏறும். சேலம் பக்கத்துல இருந்து போனா 20 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங் கனத்து, வண்டி வளைவை விட்டு வெளியே தள்ளும், கடைசியில டூ வீல் டிரைவுக்கு மாத்தப் பார்த்தா மாறாது. மாட்டிக்கிட்டா நேரா கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விடும்.

இறங்கும்போது ரெண்டாவது கியர்ல விடுங்க. பிரேக் வாடை வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடணும், சூடான டிஸ்க்ல தண்ணி ஊத்தினா வளைஞ்சிடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தலைன்னா முழு லோடுல இறங்கும்போது கொதிச்சு பெடல் உள்ள போயிடும்.

முதல் செலவு டயர். மண்ணுக்கும் ரோட்டுக்கும் ஆகுற ஆல் டெரெயின் டயர் அஞ்சு வாங்குங்க, ஸ்டெப்னியும் அதே சைஸ். மண் ரோட்டுல காத்தை 24 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்க, ஆழமான சேத்துல 18. பதினஞ்சுக்குக் கீழ போனா திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி கதவு ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்குத் திரும்ப ஏத்தணும். காத்தடிக்கிற கம்ப்ரசரை பேட்டரியில நேரா கிளிப் போடுங்க, லைட்டர் சாக்கெட்ல போட்டா ஃபியூஸ் போகும்.

வின்ச் முன் ஆக்சில் மேல 30 கிலோவுக்கு மேல வெக்கும். அதுக்குப் பதிலா ரெண்டு டிராக்ஷன் போர்டு (புதைஞ்ச சக்கரத்துக்கு அடியில வைக்கிற பலகை), ஒரு மண்வெட்டி, 8 டன் தாங்குற கைனெட்டிக் கயிறு (இழுத்தா நீண்டு கொடுக்கிற கயிறு), ரெண்டு சாஃப்ட் ஷாக்கிள் (கயிறை வண்டியில மாட்டுற கயிற்றுக் கொக்கி) போதும். டிரெய்லர் பால்ல (பின் வண்டி மாட்டுற இரும்புக் குமிழ்) கயிறு மாட்டி இழுக்கக் கூடாது. உடைஞ்சா குண்டு மாதிரி பறக்கும், உயிர் போகும்.

சேர்வராயன்_சாலை:
இன்னும் ரெண்டு விஷயம். முன் பம்பருக்கு மேல மாட்டுற இரும்பு புல் பாருக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை போட்டாச்சு, ஏர்பேக் சென்சாருக்கும் தொந்தரவு. எல்.இ.டி. பார் ஏற்காட்டுப் பனியில வெள்ளைச் சுவராத்தான் திரும்பி அடிக்கும். பம்பருக்குக் கீழ மஞ்சள் ஃபாக் லாம்ப் இருந்தா போதும்.

எங்க டென்ட் போடப் போறீங்கன்னு எழுதலையே? காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறதே குற்றம், ராத்திரி தங்குறதும் அடுப்பு மூட்டுறதும் அதைவிடப் பெரிசு. எஸ்டேட் ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டு அவங்க காட்டுற இடத்துல போடுங்க. சில்வர் ஓக் அடியில வேண்டாம், காத்தடிச்சா கிளை முறிஞ்சு விழுற மரம் அது. மிளகுக் கொடி ஏறின மரத்துல கயிறு கட்டினா கொடி போச்சு, அடுத்த தடவை கேட்டே திறக்க மாட்டாங்க.