விடுமுறைக்கு வந்த இடத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்தின் பெயரே வேறாக இருக்கிறது. அவசரம்

மழைத்துளி:
வணக்கம். வேலைக்காக வெளிநாடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முதல் விடுமுறைக்குப் பக்கத்து நாட்டுக்கு வந்த இடத்தில், நேற்று ராத்திரியிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால் சிரப் தீரப் போகிறது. இங்கே பார்மசியில் அசிட்டமினோஃபென் என்று ஏதோ கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? வாந்தி எடுத்ததில் மாற்றுத் துணி இல்லை, சிம் இன்னும் வாங்கவில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

கடலோரம்:
எந்த நாடு, குழந்தைக்கு எத்தனை வயது, ஒன்றுமே சொல்லவில்லையே அம்மா. எதுவானாலும் நேரே எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாங்கள் வந்த புதிதில் கடுங்குளிர். பையனுக்குச் சளி விட்டபாடில்லை, டாக்டரிடம் பதிவு செய்யவே அலையோ அலை என்று அலைந்தோம். திரும்பிப் போனதும் முதல் வேலையாக ஒரு குடும்ப டாக்டரிடம் பதிந்து வையுங்கள்.

வேப்பமரம்:
வெறும் காய்ச்சலுக்கு எமர்ஜென்சி வேண்டாம். விடிய விடிய உட்கார வைத்து, வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள். அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ். குடியிருக்கும் நாட்டில் எடுத்தது எல்லை தாண்டினால் செல்லுமா என்று பார்த்தீர்களா?

தெற்குவாசல்:
டாக்டரைப் பார்த்தாலும் ஆன்டிபயாடிக் எழுத மாட்டார்கள். தண்ணீர் கொடு, ஓய்வெடு என்பார்கள். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

கடலோரம்:
உண்மை. எங்கள் பக்கம் டாக்டரோடு பேசுவதற்குள் போனில் காத்திருந்தே காது வலித்துவிடும். இதில் பிள்ளைக்குச் சுகமில்லை என்று லீவு கேட்டால் மேலாளர் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

அல்லிக்குளம்:
அதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். நான் குழந்தைகள் வார்டு நர்ஸ். தங்கச்சி, பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒரே மருந்து. நாட்டுக்கு நாடு பெயர்தான் வேறு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, இரட்டை டோஸ் ஆகிவிடும், கல்லீரலைக் கெடுக்கும். பாப்பாவின் எடை, இரண்டு பாட்டில்களிலும் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், மூன்றையும் சொல்லுங்கள்.

மழைத்துளி:
நன்றி அக்கா. வயது இரண்டு, எடை 12 கிலோ. பழையதில் 250, புதியதில் 160. காலை ஆறு மணிக்குப் பழையதில் 3 மில்லி கொடுத்தேன், இப்போது பதினொன்று. காய்ச்சல் 38.9. தண்ணீர் குடிக்கிறாள், ஒன்பது மணிக்குச் சிறுநீர் போனாள்.

அல்லிக்குளம்:
சரி. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் இவளுக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180. பழையதில் 3 மில்லி என்றால் 150, சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். புதியதில் 5 மில்லி கொடுத்தால் 160. அதோடு வரும் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், வீட்டு ஸ்பூன் வேண்டாம். பழைய பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் புதியதின் அளவான 5 மில்லியை அதிலிருந்து எடுத்தால் 250 ஆகிவிடும். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதால் இப்போது கொடுக்கலாம். குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி, இருமல் மருந்து வாங்கினால் அதிலும் இதே மருந்து கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வாந்தி நிற்கும்வரை ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிரிஞ்சிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத தடிப்பு தெரிந்தாலோ நேரே எமர்ஜென்சிதான். அங்கே கடலோரம் அண்ணன் சொன்னதே சரி.

வெளிவேலைக்கு ஒருவர் மட்டும் போங்கள். முதலில் ஓ.ஆர்.எஸ்., பிறகு சிம். துணிக்காக அலைய வேண்டாம், விரிப்பும் துண்டும் தங்குமிடத்தின் வரவேற்பிலேயே கூடுதலாகக் கேட்கலாம். அந்த நாட்டு அவசர எண்ணையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிம் வந்ததும் இன்ஷூரன்ஸ் உதவி எண்ணுக்குப் பேசிவிடுங்கள், வேப்பமரம் கேட்டதற்கும் அங்கேதான் பதில் கிடைக்கும். மருந்துக் கடை ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மத்தியானம் எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள்.