பார்ட்னர் விசாவில் பாதி வழி வந்தாயிற்று, இப்போது கல்யாணம் செய்யலாமா?

தேன்சிட்டு:
லண்டனில் இருக்கிறேன். என் இணையர் பிரிட்டிஷ் குடிமகன். வேறு நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டி, ‘அன்மேரீட் பார்ட்னர்’ (மணமாகாத இணை) விசாவில் வந்தேன். 33 மாதத்தில் 20 மாதம் ஓடிவிட்டது. இப்போது கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவருக்குமே ஆசை. ஆனால் கூட வேலை பார்க்கும் ஒருவர், “விசா நடுவில் கல்யாணம் செய்தால் வகை மாறிவிடும், ஐஎல்ஆருக்கான (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) ஐந்து வருடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்” என்று சொல்லிவிட்டார். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. ஐஎல்ஆர் கிடைக்கும்வரை பொறுத்திருப்பதுதான் நல்லதா?

நெடுவழி:
முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அவர் சொன்னது தவறு. மணமானவர், மணமாகாதவர் இருவருக்கும் இது ஒரே பார்ட்னர் வழிதான். அதே இணையருடன் 60 மாதம் இருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இடையில் மணம் முடித்தால் எண்ணிக்கை அறுந்துபோகாது. அடுத்த நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது திருமணச் சான்றிதழைச் சேர்த்து, மனைவி என்று குறிப்பிட்டால் போதும்.

இந்தக் குழப்பம் வருவது ஃபியான்சே விசாவால், அதாவது இங்கே வந்து மணம் முடிக்கப்போகிறவருக்கான விசாவால் என்று நினைக்கிறேன். அது 6 மாத விசா. அதற்குள் மணம் முடித்து வேறு விசாவுக்கு மாறியாக வேண்டும், அதுவரை வேலை பார்க்கவும் முடியாது. உங்களுடையது அது இல்லை.

என்னைக் கேட்டால் இந்த ஆண்டே செய்துகொள்ளுங்கள். ஐஎல்ஆர் வந்த பிறகு, பிரிட்டிஷ் குடிமகனின் மனைவி என்றால் உடனே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மணமாகாத இணை என்றால் இன்னும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 6ஆம் பிரிவில் இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது.

ஆற்றுமணல்:
நெடுவழி சொன்ன சட்டம் சரி. அதிலிருந்து “இந்த ஆண்டே செய்துகொள்ளுங்கள்” என்று போனதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவர் ஆசை என்று எழுதியிருக்கிறார், நீங்கள் 12 மாத லாபத்தைக் காட்டுகிறீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நீட்டிப்புக்கு நான்கு மாதம் இருக்கும்போது, சான்றிதழ் இருந்தால் வலுவாக இருக்கும் என்று பயந்துகொண்டு மணம் முடித்தோம். எட்டு மாதத்தில் பிரிந்தோம். இங்கிலாந்தில் திருமணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்துக்கு மனுவே போட முடியாது. போட்ட பிறகு 20 வாரம், அப்புறம் 6 வாரம் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடியும்வரை தபாலில் எந்த உறை வந்தாலும் திறக்கக் கை வராது. மணமாகாத இணையாகவே நீட்டிப்புக் கிடைத்திருக்கும், எங்களிடம் இருந்த ஆதாரங்கள் போதும் என்று பிற்பாடு வழக்கறிஞர் சொன்னார்.

தேன்சிட்டு, விசாவுக்காக உங்களுக்குக் கல்யாணம் தேவையே இல்லை. இது மனதில் நன்றாகப் பதிந்த பிறகு முடிவெடுங்கள்.

நெடுவழி:
உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அவர்கள் விசாவுக்காகச் செய்யவில்லையே. செய்ய நினைத்ததை விசாவுக்குப் பயந்து தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். அந்தப் பயமும் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

குடைக்காரி:
நான் இதே விசாவில் இருக்கும்போது மணம் முடித்தவள். விவாதத்தில் யார் பக்கமும் இல்லை, நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

மணம் முடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க இருவரும் ஒன்றாகப் போக வேண்டும், அதுவும் இதற்கென ஒதுக்கிய பதிவாளர் அலுவலகத்துக்கு. பிறகு தனித்தனியாக உள்ளே கூப்பிடுவார்கள். என் இணையருடைய முழுப்பெயர், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று சொன்னேன். “அவர் என்ன வேலை பார்க்கிறார்?” என்றார் பதிவாளர் அம்மா. கணினித் துறை என்றேன். “பதவியின் பெயர்?” என்றதும் வாயடைத்துவிட்டது. நாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியவில்லை! அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த அரை நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் விசா வகைக்கு நோட்டீஸ் விசாக்களைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸுக்குப் போகும். அவர்கள் விசாரிக்க வேண்டாம் என்று விட்டால் 28 நாள் காத்திருந்து மணம் முடிக்கலாம். விசாரித்தால் 70 நாள். 2015 மார்ச்சிலிருந்து இப்படித்தான். நாங்கள் 35ஆம் நாளுக்கு மண்டபம் பிடித்திருந்தோம். 70 நாள் என்று கடிதம் வந்தது, முன்பணம் போனது. பதினோராவது வாரத்தில் ஆறு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டோம். நோட்டீஸ் 12 மாதம் செல்லும், அதனால் திருமண நாளை 70 நாளுக்கு அப்பால் தள்ளி வையுங்கள். மண்டபத்தின் பெயர் நோட்டீஸிலேயே வருகிறது, இடத்தை மாற்றினால் மறுபடி நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

ஆற்றுமணல்:
பாருங்கள், நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களையே விசாரித்திருக்கிறார்கள். ஐஎல்ஆர் கையில் இருந்தால் இந்த விசாரணைக்கே அனுப்ப மாட்டார்கள். தள்ளிவைக்க இது ஒரு நியாயமான காரணம் இல்லையா?

குடைக்காரி:
விசாரணையால் எங்கள் விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது பணமும் ஆறு வாரமும். இதற்காக மூன்று வருடம் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

புதுமுகம்:
இடையில் ஒரு சந்தேகம் அக்கா. நாங்கள் போன வருடம் இங்கேயே ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம், பதிவு எதுவும் இல்லை. படிவத்தில் மணமானவர் என்று போடலாமா?

குடைக்காரி:
போடாதீர்கள். நோட்டீஸும் பதிவும் இல்லாத சடங்கு இங்கிலாந்துச் சட்டத்தில் திருமணம் ஆகாது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒரு வழக்கில் அதையே உறுதி செய்தது. மணமாகாத இணை என்றே போடுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. வேறு நாட்டில் அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக நடந்த திருமணம் என்றால் இங்கே செல்லும்.

நெடுவழி:
நான் அவசரப்படுத்துவதற்கு உண்மையான காரணம் குடியுரிமை இல்லை. அதையே முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆறு வருடம் ஒருவருடன் வாழ்ந்தார். வீடு அந்த ஆணின் பெயரில். ஒரு காலையில் அவருக்கு மாரடைப்பு, இறந்துவிட்டார். உயில் இல்லை. உயில் இல்லாமல் இறந்தால் சொத்து யாருக்கு என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது, மணமாகாத இணைக்கு அதில் இடமே கிடையாது. வீடு இறந்தவருடைய தம்பிக்குப் போனது. இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர் நீதிமன்றத்தில் பங்கு கேட்க 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழி விடுகிறது. அந்தப் பெண்ணும் கேட்டார். துக்கத்தோடு துக்கமாக வழக்கறிஞர் வீட்டு வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே ‘காமன் லா மனைவி’ ஆகிவிடலாம் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது.

ஆற்றுமணல்:
இது கனமான காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து உயில். இந்த வாரமே எழுதலாம், 70 நாள் தேவையில்லை. இணையர் இறந்தால் ஐஎல்ஆர் கேட்கும் உரிமை மணமாகாதவருக்கும் உண்டு, குடும்ப வன்முறையால் பிரிந்தாலும் அப்படித்தான். பாதுகாப்பையெல்லாம் கல்யாணத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

நெடுவழி:
உயில் எழுதட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்தில் மணம் முடித்ததும் பழைய உயில் ரத்தாகிவிடும். இன்னாரை மணக்கப்போகிறேன், அதன் பிறகும் இது செல்ல வேண்டும் என்று உயிலிலேயே எழுதியிருந்தால்தான் தப்பும்.

ஆற்றுமணல்:
இது எனக்குத் தெரியாது. நன்றி.

தேன்சிட்டு:
எல்லாவற்றையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தம்பிக்கு வீடு போன கதையைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. உயில் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. ஆற்றுமணல் சொன்னதை வைத்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்: விசா என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த ஆண்டு செய்வோமா? இருவருமே ஆமாம் என்றோம். நோட்டீஸுக்கு அடுத்த செவ்வாய் நேரம் கிடைத்திருக்கிறது. மணக்கப்போகிறோம் என்ற வாசகத்தைச் சேர்த்து உயிலும் எழுதப்போகிறோம். கடவுச்சீட்டில் என் பெயரை மாற்றப்போவதில்லை.

குடைக்காரி:
நல்லது. இனி மாற்ற நினைத்தால், புதிய கடவுச்சீட்டை ஈவிசா (இணையவழி விசா) கணக்கில் சேர்த்த பிறகு விமானம் ஏறுங்கள். செவ்வாய்க்கு முன் அவர் பதவியின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.