பொருள்: "ஆவியழுத்தப் பற்றாக்குறை" வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம்.

இங்கே வரும் கலைச்சொல் மடல்களைப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். இந்தத் தடவை எழுத வைத்தது என் மைத்துனர் வாங்கிய ஒரு ஈரமூட்டி.

எங்கள் வீடு அடுக்குமாடியில் பதினான்காவது மாடி. பால்கனியில் மேற்கு வெயில் நெருப்பாய் அடிக்கும். ஆறு மாதம் அங்கே கீரை வைத்துப் பார்த்து ஓய்ந்துபோய், படுக்கையறை மூலையில் ஒரு வளர்ப்புக் கூடாரம் போட்டேன். 80 செ.மீ. நீள அகலம், 160 செ.மீ. உயரம். உட்புறம் வெள்ளிப் பூச்சுத் துணி, மேலே 100 வாட் எல்இடி விளக்கு, சூட்டுக் காற்றை வெளியே தள்ள உச்சியில் நாலங்குல விசிறி. புதுக்காற்று கீழே உள்ள வலைச் சாளரம் வழியாகத் தானாக வரும். சாலட் கீரை, திருநீற்றுப்பச்சை, கொத்தமல்லி, அவ்வளவுதான் பயிர்.

முதல் மாதம் ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏமாற்றும் எண் என்று பிறகுதான் புரிந்தது. கேமரன் மலைக் குளிரில் 20 டிகிரியில் 70 விழுக்காடு என்பதும், நம் வீட்டு 30 டிகிரியில் 70 விழுக்காடு என்பதும் செடிக்கு ஒன்றல்ல. 20 டிகிரியில் காற்றில் அதிகபட்சம் நிற்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 2.34 கிலோபாஸ்கல். 30 டிகிரியில் அதுவே 4.24. இருப்பதைக் கழித்துப் பார்த்தால் மலையில் மிஞ்சுவது 0.70, இங்கே 1.27. விழுக்காடு மாறவில்லை, ஆனால் இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த வித்தியாசத்துக்குத்தான் பெயர் வேண்டும். Vapour pressure deficit என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "ஆவியழுத்தப் பற்றாக்குறை" என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். குடும்ப வாட்சப் குழுவில் ஒருநாள் "இன்று பற்றாக்குறை 1.1, எல்லாம் நலம்" என்று போட்டேன். என்னைப் பார்த்து கெப்போங்கில் கூடாரம் போட்ட மைத்துனர் தன் கருவியிலும் 1.1 பார்த்திருக்கிறார். பற்றாக்குறை என்றால் நிரப்பத்தானே வேண்டும்? 60 ரிங்கிட்டுக்கு ஈரமூட்டி வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "மச்சான், பற்றாக்குறையை 0.1-க்குக் கொண்டுவந்துட்டேன்" என்று படம் வேறு வந்தது.

எட்டாம் நாள் கொத்தமல்லி நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. சாலட் கீரையின் உள் இலைகள் ஓரம் கருகின. இவ்வளவு ஈரத்தில் இலை எப்படிக் கருகும் என்று கேட்டார். காற்று நீரை இழுக்காவிட்டால் வேரிலிருந்து மேலே நீரோட்டம் இல்லை. சுண்ணாம்புச் சத்து அந்த ஓட்டத்தில்தான் ஏறுகிறது. ஓட்டம் மந்தமானால் முதலில் பட்டினி கிடப்பது உள்ளே சுருண்டிருக்கும் இளம் இலைகள்.

அவர்மேல் தப்பில்லை. சொல்மேல்தான் தப்பு. தமிழில் "குறை" என்றால் தீர்க்க வேண்டியது. இந்த எண்ணையோ சுழியாக்கவே கூடாது. குறை இல்லாத ஒரு சொல் தாருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

தம்பி, உங்கள் கொத்தமல்லிக்கு அனுதாபம்.

எங்கள் பாடநூல்களில் ஒப்பு ஈரப்பதத்தைச் சாரீரப்பதன் என்று எழுதுவோம். "சரீரம்" என்று வாசித்துவிட்டு உடம்பைப் பற்றிய பாடமோ என்று கேட்ட பிள்ளையும் உண்டு. இலையில் உள்ள நுண்ணிய துளையைத் தமிழ்நாட்டார் இலைத்துளை என்பார்கள், நாங்கள் இலைவாய் என்கிறோம். அதன் வழியே செடி நீரை ஆவியாக விடும் நீராவிப்போக்கு எங்களுக்கு ஆவியுயிர்ப்பு. நீங்கள் கேட்பது காற்று நிரம்ப இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதானே? "நிரம்பல் இடைவெளி" என்று வைத்தால் என்ன? குறையும் இல்லை, விளங்கவும் செய்யும்.

கோயம்புத்தூரிலிருந்து

> காற்று நிரம்ப இன்னும் எவ்வளவு இடம்

அம்மா மன்னிக்க வேண்டும், முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் இந்த வரியைக் கண்டு சும்மா இருக்க முடியாது. காற்று பஞ்சு அல்ல, அதில் நீருக்கென்று இடம் ஒதுக்கி வைக்கப்படவும் இல்லை. காற்றே இல்லாத கண்ணாடிக் குடுவையில் நீர் வைத்தாலும் 30 பாகையில் ஆவி அதே 4.24 கிலோபாஸ்கலில்தான் வந்து நிற்கும். அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. இடைவெளி என்று பெயர் வைத்தால் அந்தப் பழைய பிழையைச் சொல்லுக்குள்ளேயே பூட்டி வைத்தது போலாகும்.

"ஆவி"யில் தொடங்கும் எதையும் தவிர்த்துவிடுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். ஒருமுறை ஆவியழுத்தம் என்று கரும்பலகையில் எழுதியதற்கு, கடைசி பெஞ்சிலிருந்து "யார் ஆவி சார்?" என்று குரல் வந்தது. அந்த வகுப்பு அன்றைக்கு அதோடு முடிந்தது.

இன்னொன்று. செந்தூல் நண்பர் கணக்கிட்டது காற்றின் வெப்பநிலையை வைத்து. இலை அதே சூட்டில் இருக்கிறதா? காற்று 28 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் வித்தியாசம் 1.13. நீராவிப்போக்கினால் இலை 26 பாகைக்குக் குளிர்ந்திருந்தால், இலைக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 0.71தான். ஆக இது காற்றின் குணம் மட்டுமல்ல. "ஆவியழுத்த வேறுபாடு" என்று நடுநிலையாக எழுதிவிட்டுப் போகலாம். (ஆவியைத் தவிர்க்கச் சொன்ன நானே ஆவியில் தொடங்குகிறேன், தெரிகிறது.)

பட்டர்வொர்த், பினாங்கிலிருந்து

எனக்கு இயற்பியல் தெரியாது. சிப்பிக் காளான் பை வைத்துப் பிழைக்கிறேன், ஆகவே ஒரு வார்த்தை.

தம்பிக்கு ஆகாத 0.1 எனக்கு ஆகும். காளான் மொட்டு வரும்போது காற்று உலர்ந்திருந்தால் மொட்டு அப்படியே காய்ந்து மஞ்சளாகிவிடும். நான் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த எண்ணைக் கீழேதான் வைக்கிறேன். ஆனால் ஈரம் போய்விடுமே என்று அறையை மூடியும் வைக்க முடியாது. காளான் விடும் மூச்சுக்காற்று தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். அதனால் குறை, மிகை, பற்றாக்குறை எதுவும் வேண்டாம். ஒரு பயிருக்கு நல்லது இன்னொன்றுக்குக் கேடு.

எங்கள் அம்மா காலையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு "இன்னைக்குத் துணி காயுற காத்து" என்பார். வெயிலைச் சொல்லமாட்டார், காற்றைத்தான் சொல்வார். மழைக்கு முந்தின நாள் வெயில் கொளுத்தும், துணி காயாது. நீங்கள் தேடும் எண் அதுதானே? "காற்றின் இழுப்பு" என்று வையுங்களேன். நீரை இழுக்கிறது, அவ்வளவுதான்.

செந்தூலிலிருந்து மீண்டும்

அக்கா, துணி காயும் காற்று என்ற அந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க வந்துவிட்டது. எனக்குக் கோவை ஐயாவின் கணக்கைவிட அதுதான் முதலில் புரிந்தது (ஐயா பொறுத்தருள்க).

ஆனால் "இழுப்பு" என்று என் அம்மாவிடம் சொன்னதும் "யாருக்கு?" என்று மருந்தைத் தேடினார். எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பு நோய். "நீரிழுப்பு" என்று சேர்த்துப் பார்த்தேன். ஓர் உகரம் தவறினால் "நீரிழப்பு" ஆகிவிடும். கைப்பேசியில் தட்டுகிறவர்கள் நிச்சயம் தவறவிடுவார்கள்.

மூன்று இரவு யோசித்து ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். நீர்வேட்கை.

புதுச்சொல்லே இல்லை. தாகத்துக்குப் பழந்தமிழில் உள்ள பெயர்தான், மனிதரிடமிருந்து எடுத்துக் காற்றுக்குக் கொடுக்கிறேன். நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தவன். அதற்குமேல் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். அதனால் "தெவிட்டிய கரைசல்" என்ற தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லை இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் கண்டேன். கரைசல் எப்படித் தெவிட்டும் என்று முதலில் சிரித்தேன். பாயசம் தெவிட்டும், கரைசலுக்கு என்ன வாய் இருக்கிறதா? ஆனால் எவ்வளவு அழகு! இதற்குமேல் சேராது என்ற நிலைக்கு, இதற்குமேல் உண்ண முடியாது என்ற சொல். அப்படியானால் தெவிட்டிய காற்றுக்கு நீர்வேட்கை சுழி. தெவிட்டாத காற்றுக்கு வேட்கை உண்டு. மட்டக்களப்பு அம்மா கொடுத்த இலைவாயையும் பக்கத்தில் வையுங்கள். காற்றின் வேட்கை அளவு கடந்தால் இலை வாயை மூடிக்கொள்கிறது. செடி உண்மையில் செய்வதும் அதுதான்.

தவிர, வேட்கை என்றால் யாரும் சுழியாக்க ஓடமாட்டார்கள். அளவோடு இருக்கட்டும் என்றுதான் நினைப்பார்கள். மைத்துனரிடம் சோதித்தேன். "நீர்வேட்கை 1.9" என்றதும் "ஐயோ, செடி பாவம்" என்றார். "0.1" என்றதும் "அப்ப காத்து தண்ணியே குடிக்கலியா?" என்றார். எனக்கு அதுவே போதும்.

ஐயா சொன்ன இலைச் சூட்டுக்கு: காற்றளவு நீர்வேட்கை, இலையளவு நீர்வேட்கை என்று இரண்டாகப் பிரிக்கலாம். இலையின் சூட்டை அளக்கக் கருவி இல்லாதவர்கள் காற்றளவோடு நிற்கட்டும்.

சொல் புழங்குகிறதா என்று பார்க்க என் கூடாரக் குறிப்பையே அதில் எழுதிப் பார்த்தேன்:

"கோலாலம்பூரில் விடியற்காலை 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் நீர்வேட்கை 0.15. மதியம் 32 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 1.90. ஒரே நாளில் காற்று இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுகிறது. நாற்றுக்கு 0.4 முதல் 0.8 வரை, வளர்ந்த கீரைக்கு 0.8 முதல் 1.2 வரை வைத்தால் நல்லது. விளக்கை மாலை ஆறு மணிக்குப் போட்டுக் காலை எட்டுக்கு அணைக்கிறேன். இரவில் நாங்கள் தூங்க எப்படியும் ஏர்கோன் ஓடும், விளக்கின் சூட்டை அந்தக் குளிர் சமாளிக்கும். விசிறியால் கூடாரத்தை அறையைவிடக் குளிராக்க முடியாது, அறையளவுக்கு இறக்கத்தான் முடியும். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று மட்டும் மாறினால் 100 வாட் சூடு உள்ளே ஏறத்தாழ 5 டிகிரி ஏற்றிவிடும். மூன்று கன மீட்டர் மாறினால் இரண்டு டிகிரிக்குள் நிற்கும். விளக்கை அணைத்ததும் விசிறியையும் நிறுத்தக் கூடாது. சூடு இறங்கும், இலை விட்ட ஈரம் உள்ளேயே தங்கும், நீர்வேட்கை சட்டென்று விழும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்."

ஒரு இடத்திலும் நாக்கு இடறவில்லை. முன்பு இதே பத்தியில் "பற்றாக்குறை சட்டென்று விழும்" என்று எழுதியிருந்தேன். பற்றாக்குறை விழுந்தால் நல்லதா கெட்டதா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

ஈரநீக்கி வாங்கலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: வாங்கலாம், ஆனால் அது சூடும் தரும். ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தால் அந்த நீராவி ஒளித்துவைத்திருந்த வெப்பமே ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது அறையில்தான் இறங்கும், கருவி தின்னும் மின்சாரம் தனி. அதற்கு முன் உங்கள் ஈரமானியை நம்பலாமா என்று பாருங்கள். மூடியில் கொஞ்சம் சமையல் உப்பை வைத்து, கரையாமல் சேறு போல் ஆகும் அளவுக்கு நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 82 காட்டியது. ஒரு மாதமாக ஏழு விழுக்காடு பொய்யை நம்பி விசிறியைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

வேட்கை என்றால் பதினோராம் வகுப்பில் சிரிப்பார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். பிறகு நினைத்துப் பார்த்தால் புவியீர்ப்பு, மின்கவர்ச்சி என்று நாற்பது பேர் முன்னால் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், ஒருவனும் சிரித்ததில்லை. சொல் பழகினால் சிரிப்பு போய்விடும்.

சரி, ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதல் முறை எழுதும்போது வரையறை கூடவே வர வேண்டும்: "நீர்வேட்கை: குறிப்பிட்ட வெப்பநிலையில் தெவிட்டிய நீராவியின் அழுத்தத்துக்கும், இருக்கும் நீராவியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு, அலகு கிலோபாஸ்கல்." என் "வேறுபாடு" அங்கே போய் ஒளிந்துகொள்ளட்டும்.

இன்னொரு கேள்வி. விசிறி வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வராதபோது கூடாரத்தின் துணிச் சுவர் உட்பக்கமாக வளையுமே, அந்த அழுத்த நிலைக்கு என்ன சொல்கிறீர்கள்? "எதிர்மறை அழுத்தம்" என்று எழுதாதீர்கள். காற்றின் அழுத்தம் சுழிக்குக் கீழே போவதில்லை, வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

பட்டர்வொர்த்திலிருந்து

ஐயா, எங்கள் காளான் அறையில் பிளாஸ்டிக் படுதா அப்படி உள்ளே ஒட்டினால் வேலைக்கு வரும் பெண் "அக்கா, அறைக்கு வயிறு ஒட்டிப் போச்சு" என்பாள். நான் போய்க் கீழ்ச் சாளரத்தைத் திறந்துவிடுவேன். இதற்குப் பாடநூல் சொல் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.