மழைக் கணக்கில் காமா பரவல் பொருந்த மறுக்கிறது: பிழை எண் 100

வளவுவீட்டுக்காரர், தேவகோட்டை:

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். எங்கள் பங்காளி வீட்டு வளவு முற்றத்தில் இறங்கும் மழைநீரைச் சேர்க்க நிலத்தடித் தொட்டி கட்டுகிறோம். எத்தனை லிட்டர் என்று கொத்தனார் கேட்கிறார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர், அதுவரை சரி. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அப்பச்சி மொட்டைமாடியில் மழைமானி வைத்து, பேரேடு எழுதுகிற அதே கையால் 26 ஆண்டுகள் தினமும் குறித்து வைத்திருக்கிறார். பேத்தி தட்டச்சு செய்து கொடுத்தாள்.

ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில், தரவுக்கு நிகழ்தகவுப் பரவலைப் பொருத்தித் தரும் ஃபிட்டிஸ்ட்ர்பிளஸ் (fitdistrplus) தொகுப்பைப் பயன்படுத்துகிறேன். முதலில் ‘தரவு எண்களாக இருக்க வேண்டும்’ என்றது. பார்த்தால், அப்பச்சி ‘தூறல்’ என்று எழுதிய இடங்களில் பேத்தியும் தூறல் என்றே அடித்திருக்கிறாள். அவற்றைச் சுழியமாக்கினேன். பிறகு காமா பரவலைப் பொருத்தச் சொன்னால், அளவுருக்களைக் கணிக்க முடியவில்லை என்று பிழை எண் 100. லாக்நார்மல் பரவலோ நேர்ம எண்கள்தான் வேண்டும் என்கிறது. மணி வடிவ நார்மல் பரவல் மட்டும் சமர்த்தாகப் பொருந்தியது. அதன்படி பத்து நாளில் ஏறத்தாழ நான்கு நாள் மழை மைனஸில் பெய்கிறது, அதாவது முற்றத்திலிருந்து வானத்துக்கு.

அவசரக்காரன்:

சுழியம் எல்லாவற்றையும் 0.001 ஆக்கிவிடுங்கள். ஓடிவிடும்.

எண்ணும் எழுத்தும், காரைக்குடி:

ஓடும், விடைதான் தப்பாக வரும். ஆயிரக்கணக்கான 0.001-களின் மடக்கைகள் சேர்ந்து வடிவ அளவுருவை, அதாவது காமா வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்ணை, கீழே இழுத்துவிடும். அதைச் செய்யாதீர்கள் ஐயா.

காரணம் இதுதான். சுழியத்தில் காமாவின் அடர்த்தி, வடிவ அளவுரு 1-க்குக் குறைந்தால் முடிவிலி, கூடினால் சுழியம். எப்படியானாலும் மடக்கை எடுத்துக் கூட்டும்போது கணக்கு உடைகிறது. அந்த 100 அதைத்தான் சொல்கிறது. மழையில்லாத நாட்களின் விகிதத்தைத் தனியாக எண்ணுங்கள். மழை நாட்களுக்கு மட்டும் காமா. அப்போதும் முரண்டு பிடித்தால் தொடக்க மதிப்பை நீங்களே கொடுங்கள்: வடிவத்துக்குச் சராசரியின் வர்க்கத்தை மாறுபாட்டால் வகுத்தது, வீதத்துக்குச் சராசரியை மாறுபாட்டால் வகுத்தது. தூறல் நாட்கள் சுழியம் அல்ல, மானியில் அளக்க முடியாத சிறு மழை. துல்லிய மதிப்பு தெரியாத தரவுக்கான ஃபிட்டிஸ்ட்சென்ஸ் (fitdistcens) கட்டளையில் இடப்பக்கம் என்ஏ (NA, மதிப்பு இல்லை), வலப்பக்கம் மானியின் மிகச்சிறு அளவு என்று கொடுத்தால் அவற்றுக்கும் இடம் கிடைக்கும்.

ஆனால் தொட்டிக்குத் தினசரி காமா எதற்கு? ஆண்டுக்கு ஒரு நாள், அந்த ஆண்டின் அதிகபட்ச மழை, அவ்வளவுதான் வேண்டும். அதற்கு, அதிகபட்ச மதிப்புகளுக்கான கம்பெல் (Gumbel) பரவல் போதும்.

வளவுவீட்டுக்காரர்:

மழை நாட்களுக்குக் காமா பொருந்தியது, பிழை ஏதும் இல்லை. ஆனால் தரவையும் பொருத்திய பரவலையும் ஒப்பிடும் க்யூ-க்யூ படத்தில் புள்ளிகள் கோட்டை விட்டு வில்லாக வளைந்தன. குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். முதல் ஒன்பது ஆண்டுகள் அங்குலமும் சென்டும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு)! 1.40 என்பதை நான் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத மழையாக எண்ணியிருக்கிறேன். அது 35 மில்லிமீட்டருக்கு மேல். 25.4-ஆல் பெருக்கியாயிற்று. மென்பொருள் இதற்கு மூச்சுக்கூட விடவில்லை.

கம்பெல் என்றால் ‘டிகம்பெல் (dgumbel) சார்பை வரையறுக்க வேண்டும்’ என்கிறதே?

எண்ணும் எழுத்தும், காரைக்குடி:

ஆர் மென்பொருளோடு அது வருவதில்லை. அடர்த்தி, திரள் நிகழ்தகவு, கொடுத்த நிகழ்தகவுக்கு உரிய மதிப்பு (quantile) ஆகிய மூன்று சார்புகளையும் நீங்களே எழுதிவிடுங்கள். வாத்தியாருக்கு மூன்று வரி. தொடக்க மதிப்பும் கட்டாயம்: வளைவின் விரிவைச் சொல்லும் அளவீட்டு அளவுருவுக்கு (scale) திட்டவிலக்கம் பெருக்கல் √6 வகுத்தல் π. அந்த அளவீட்டை 0.5772-ஆல் பெருக்கிச் சராசரியிலிருந்து கழித்தால், வளைவு எங்கே நிற்கிறது என்று சொல்லும் இடஅளவுரு (location).

வளவுவீட்டுக்காரர்:

ஒரே ஓட்டத்தில் வந்துவிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை 140 மில்லிமீட்டர். முற்றத்துக்கு இறங்கும் ஓட்டுக்கூரை 210 சதுர மீட்டர், ஆக 29,400 லிட்டர். 26 புள்ளிகளுக்கு இந்த விடை கொஞ்சம் ஆடும் என்று தெரியும். 30,000 என்று சொல்லியிருக்கிறேன். சித்தப்பா மகன் 20,000 போதும் என்கிறான். அவன் எந்தப் பரவலும் பொருத்தவில்லை, செலவில் தன் பங்கை மட்டும் வகுத்துப் பார்த்திருக்கிறான்.