லெஸ்வோஸ் தீவில் முதன்முறையாகக் கண்ட பறவைகளும் எடுத்த படங்களும்

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவு ஏஜியன் கடலின் வடகிழக்கில், துருக்கிக் கரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகள் ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. அத்துடன், ஐரோப்பாவின் பிற பகுதிகளில் காண்பதற்கு அரிதான சில இனங்கள் இங்கேயே கூடு கட்டுகின்றன. ஏப்ரல் கடைசியில் அங்கே சென்றிருந்தேன். முதன்முறையாக ஓர் இனத்தைக் காணும்போது அழகான படத்துக்கு முன்பாக அடையாளம் காட்டும் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் நீண்ட நாளாக நம்பி வருகிறேன். அந்த நம்பிக்கை இந்தத் தீவில் இன்னும் உறுதிப்பட்டது.

பறவை நோக்கர்கள் பெரும்பாலும் தங்கும் ஊர் ஸ்காலா கல்லோனி. அதை ஒட்டியுள்ள உப்பளங்களில் பூநாரைகளும் நெடுங்கால் உள்ளான்களும் நிறைந்திருந்தன. கோடியக்கரையையும் பழவேற்காட்டையும் பார்த்தவர்களுக்கு அவை புதியவை அல்ல என்பதால் அதிகம் எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். காலை 9 மணிக்குப் பிறகு உப்புப் பாத்திகளின் மேல் கானல் எழத் தொடங்கிவிடும். அதன் பின் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸைக் கொண்டு சென்றாலும் தொலைவில் நிற்கும் பறவையின் இறகுகள் தெளிவாக விழாது. விடியும்போதே அங்கே இருப்பது நல்லது.

நான் முதலில் தேடிச் சென்றது, மரத்தண்டுகளில் ஏறி இறங்கும் சிறு பறவையான க்ரூப்பர் நட்ஹேட்ச்சை. துருக்கியின் பைன் காடுகளே இதன் முதன்மையான வாழிடம். கிரேக்க நாட்டில் லெஸ்வோஸைத் தவிர வேறெங்கும் இது கூடு கட்டுவதில்லை. கல்லோனி வளைகுடாவின் கிழக்கே அக்லதெரி என்னும் இடத்தில் உள்ள பைன் காட்டில், பட்டுப்போய் முறிந்து நின்ற ஓர் அடிமரத்தில் இதன் பொந்து இருந்தது, ஏறக்குறைய ஆள் உயரத்தில். ஆண் பறவைக்கு முன்னந்தலையில் ஆழ்ந்த கருமை, அதன் கீழே வெண்மையான புருவக்கோடு, மார்பில் செங்காவி நிறத் திட்டு. அலகில் பூச்சியுடன் வரும் ஒவ்வொரு முறையும் அது நேராகப் பொந்துக்குப் போகாமல், பக்கத்து மரத்தில் தலைகீழாக இறங்கி ஒரு கணம் நின்று, சுற்றிலும் பார்த்த பிறகே உள்ளே நுழைந்தது. அந்த ஒரு கணத்தில்தான் மார்புத் திட்டு கேமராவுக்கு நேராகத் தெரியும். பொந்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து மரத்தின் மேல் குவியம் வைத்துக் காத்திருந்ததால் எனக்கு வேண்டிய படம் கிடைத்தது, பறவையின் வழியிலும் நான் குறுக்கிடவில்லை. மர நிழலில் வெளிச்சம் குறைவாக இருந்ததால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் திறனை) 1600க்கு உயர்த்த வேண்டியிருந்தது. படத்தில் சற்றே மணல்மணலாகத் தெரிவதை நான் பொருட்படுத்தவில்லை. சிலர் பொந்துக்கு மிக அருகில் கேமரா முக்காலியை நிறுத்தியிருந்தார்கள். பறவை இரையுடன் வந்து, தயங்கி, திரும்பிப் போனதைக் கண்டு மனம் வருந்தினேன். குஞ்சுகளின் உணவைத் தாமதப்படுத்தி எடுக்கும் படம் எவ்வளவு அருமையாக அமைந்தாலும் நமக்கு வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் இனப்பெருக்கக் காலத்தில் நான் முற்றிலும் மறுக்கிறேன்.

பெத்ராவுக்கும் மோலிவோஸுக்கும் இடையே சாலையோரத்தில் கவாக்கி என்னும் சரிவு இருக்கிறது. கறுப்புத் தொண்டையும் வெள்ளை மீசைக்கோடும் கொண்ட ரூப்பெல் கதிர்க்குருவியை அங்கே காருக்குள் அமர்ந்தபடியே எடுத்தேன். மனித உருவம் வெளியே தெரியாதவரை அது புதரின் உச்சிக்கு வந்து பாடிக்கொண்டிருக்கிறது.

தீவின் மேற்குப் பகுதி எரிமலைப் பாறைகளால் ஆன வறண்ட நிலம். கல்லாகிப்போன தொன்மையான மரங்கள் இங்கே நிற்பதால் 1985ஆம் ஆண்டு இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். இப்சிலூ மடத்தைச் சுற்றியுள்ள சரிவுகளில் சினேரியஸ் பன்டிங் கிடைத்தது: சாம்பல் உடலும் மங்கிய மஞ்சள் தலையும் கொண்ட, பகட்டில்லாத பறவை, அதன் பாட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் பாறையின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பியிருக்கும். பாறை நட்ஹேட்ச் சேற்றால் கட்டிய கூடு ஒன்றும் அங்கே இருந்தது. அதன் வாசல் சுரைக்குடுக்கையின் கழுத்தைப் போல வெளியே நீண்டிருந்தது.

அடையாளம் காட்டும் படத்தின் அருமையை நன்றாக உணர்த்தியது இசபெல்லைன் வீட்டியர் என்னும் சிறு பறவை. தரையில் நிற்கும்போது வடபுல வீட்டியரின் பெண் பறவையிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். பறவை எழும்பும் தருணத்தில் 1/2000 வினாடி வேகத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வாலின் நுனியில் அகலமான கறுப்புப் பட்டையும், வெளிறிய இறக்கையின் வளைவில் தனித்துத் தெரியும் சிறிய கறுப்பு இறகுக்கொத்தும் தெளிவாக இருந்தன. கலையழகு என்று பார்த்தால் அவை சாதாரணமான படங்கள்தான். எனக்கோ இந்தப் பயணத்தில் அவற்றைவிட மதிப்புள்ளவை இல்லை.

செல்ல நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எல்லைத் தீவு என்பதால் இராணுவ முகாம்கள் ஆங்காங்கே உள்ளன. அவற்றின் அருகே படமெடுக்கத் தடை இருக்கிறது, ஆகவே தொலைநோக்கியையோ கேமராவையோ அந்தத் திசையில் திருப்ப வேண்டாம்.

பயணத்தின் இறுதியில் கருந்தலை பன்டிங் பறவைகள் வந்து சேரத் தொடங்கின. தீவில் கூடு கட்டும் மற்ற பல பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது, இவை மட்டும் கிழக்கே திரும்பி இந்தியாவில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் சோள வயல்களில் கூட்டமாகப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் ஆணின் தலைக் கருமை மங்கியிருக்கும். நான் கண்ட ஆணோ கரிய தலையும் செம்பழுப்பு முதுகும் பளீரென்ற மஞ்சள் வயிறுமாகப் புதரின் உச்சியில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தது. படங்களைத் தேதியோடும் இடத்தோடும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையதளமான இ-பேர்டில் பதிவேற்றியிருக்கிறேன். மார்ச் மாதத்தில் நம் நாட்டு வயல்களில் இதே இனத்தின் ஆண் பறவைகளைப் படமெடுத்தவர்கள் இருந்தால் பகிருங்கள்; புறப்படும் முன் தலையின் கருமை எந்த அளவுக்கு வெளிப்பட்டிருக்கிறது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.