‘செல்’ என்பதற்கு எங்கும் ஒரே சொல் வேண்டா: ‘அலைப்பாத்தி’ குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செல் (cell) என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘கலம்’ என்றே ஆளலாம் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இலத்தீனில் சிற்றறையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. துறவியின் தனியறைக்கும் சிறைக் கொட்டடிக்கும் வழங்கியது. 1665-இல் வெளிவந்த நூலில் இராபர்ட் ஊக், நுண்ணோக்கியில் கண்ட தக்கைச் சீவலின் வெற்றறைகளுக்கு அதையே பெயராக இட்டார். அவ்வறைகளில் உயிரின் அடிப்படையை அறிவியல் பின்னர் கண்டபோதும் ஆங்கிலம் பெயரை மாற்றவில்லை. நாமோ தமிழ்நாட்டில் உயிரணு, செல் என்றும், இலங்கைப் பாடநூல்களில் கலம், கலச்சுவர் என்றும் எழுதுகிறோம். மின்கலம் மிகப் பொருத்தமான ஆக்கம். உள்ளே ஒன்றை ஏந்தியிருக்கும் ஏனம் என்னும் பொருள் அங்கே உண்மையாகவே இருக்கிறது. கணினியின் விரிதாளுக்குக் (spreadsheet) ‘கட்டம்’ போதும்.

இடர்ப்பாடு செல்பேசியில்தான். கைப்பேசி என்று கருவிக்குப் பெயரிட்டதும், அதன் அடிப்படையான செல் பெயரின்றி நின்றுவிட்டது. பெரும்பரப்பை அறுகோணப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் குறைந்த ஓர் அலைபரப்பு நிலையத்தை அமைக்கும் இக்கருத்து, 1947-இல் பெல் ஆய்வகத்தில் முன்வைக்கப்பட்டது. இதற்கு ‘வலைக்கண்’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் வலையின் கண் என்பது மீன் நழுவும் ஓட்டை, இங்கோ அலை நிறைந்திருக்கும் இடம்.

ஆகவே ‘அலைப்பாத்தி’ என்று பரிந்துரைக்கிறேன். கீரைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிறவர், ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்வெட்டியால் அடைத்து, அடுத்ததன் வாயைத் திறந்துவிடுவார். பயணம் செய்பவரின் அழைப்பு ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குச் செல்வதும் ஏறத்தாழ அவ்வாறே நிகழ்கிறது என்பதால், அதனை ‘மடைமாற்றம்’ எனலாம். நெரிசல் மிகுந்த நகர்ப்பகுதியில் செல்லை மேலும் சிறிதாக்குவதற்குப் ‘பாத்தி பிரித்தல்’ இயல்பாகவே அமைகிறது. ஒரு சொல்லிலிருந்து அதன் சுற்றமும் கிளைப்பதே எனக்கு இதில் பெரிதும் பிடித்தது.

ஒரு குறை உண்டு. பாத்திக்கு வரப்பு தெளிவானது. அலைகளோ எல்லையில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, அப்படிப் படிவதாலேயே அழைப்பும் அறுபடாமல் கைமாறுகிறது. இதையும் உள்ளடக்கும் சொல் எவரிடமேனும் இருப்பின், என் பரிந்துரையை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.